மருந்து விட்டுப்போகாதிருக்க...



மாரடைப்பு வந்து மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட ஒருவர் வீடு திரும்பும் நாள் குடும்பத்தார் அனைவருக்கும் சந்தோஷமான நாள். சபையார் வருகிறார்கள், ஸ்தோத்திர ஜெபம் நடைபெறுகிறது, ஊரிலுள்ள உறவினருக்கெல்லாம் தொலைபேசியில் செய்தி போகிறது. அந்த நேரத்தில் அலமாரியின்மேல் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கிறது. அதில் ஆறு அல்லது ஏழு வகை மாத்திரை அட்டைகள், ஆங்கிலத்தில் அச்சிட்ட டிஸ்சார்ஜ் சம்மரி, மறுபரிசோதனைக்கு வர வேண்டிய தேதி ஆகியவை இருக்கின்றன. எந்த மாத்திரை எதற்கு என்று செவிலியர் ஒருமுறை சொல்லியிருப்பார். மும்பையானால் இந்தியிலோ மராட்டியிலோ, பெங்களூரானால் கன்னடத்திலோ சொல்லியிருப்பார். பில் கட்டும் அவசரத்தில் அதைக் கேட்டவர் யார், விளங்கிக்கொண்டவர் யார் என்று விசாரித்தால், பல வீடுகளில் ஒருவரும் இருக்கமாட்டார்.

இம்மாதம் அந்தப் பையைக் குறித்தே எழுத விரும்புகிறேன்.

மாரடைப்பு ஏன் வருகிறது, எண்ணெயை எப்படிக் குறைப்பது என்பவற்றைப் பலமுறை வாசித்திருக்கிறோம். அதிகமாய்ப் பேசப்படாத காரியம் ஒன்று உண்டு. உயிர் பிழைத்து வந்தவர்களில் அநேகர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தங்கள் மருந்தை விட்டுவிடுகிறார்கள். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால வியாதியுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. நம் நிலைமை அதைவிட வருந்தத்தக்கது. கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்ற டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 17 நாடுகளில் நடைபெற்ற ஓர் ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. அதில் குறைந்த வருமானமுள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவும் வைக்கப்பட்டிருந்தது. அந்நாடுகளில் இருதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர், மறுபடியும் வராமல் காக்கும் மருந்துகளில் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களில் பலர் அந்த மருந்தை ஒருபோதும் பெற்றிராதவர்களாய் இருக்கலாம். நம் வீட்டாரோ பெற்றவர்கள். கையில் கிடைத்ததை ஏன் விடுகிறார்கள்?

ஏன் நின்றுபோகிறது?

முதற்காரணம் மிகவும் சாதாரணமானது. நோயாளி நன்றாயிருக்கிறார்! காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை, காசநோய்க்கு ஆறு மாதம் என்று நாம் பழகியிருக்கிறோம். வியாதி தீர்ந்தால் மருந்தும் தீரும். ஆகவே மார்வலி நின்று, படியேறும்போது மூச்சு வாங்குவதும் குறைந்து, ஈ.சி.ஜி.யும் பரவாயில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், "கோர்ஸ் முடிந்தது" என்று மனம் தானாகவே தீர்மானித்துவிடுகிறது. இருதய நோயாளிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. இன்றைய வலியைத் தீர்க்க அல்ல, நாளை வரக்கூடிய அடைப்பைத் தடுக்கவே அவை கொடுக்கப்படுகின்றன. தலைவலி மாத்திரை போட்டால் அரைமணி நேரத்தில் தெரியும். இவற்றைப் போட்டாலும் ஒன்றும் தெரியாது. போடாவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் மறந்துபோனவர் மறுநாள் காலையில் சுகமாக எழும்புகிறார். அந்தச் சுகமான காலைதான் அவரை ஏமாற்றுகிறது.

ஸ்டென்ட் வைத்தவர்களைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் என்பது பேனாவினுள் இருக்கும் ஸ்பிரிங்கைப் போன்ற, ஆனால் மிக மெல்லிய உலோக வலைக்குழாய். இரத்தம் தன்னுள்ளே ஓர் அந்நியப் பொருளைக் கண்டால் அதன்மேல் உறையப் பார்க்கும். நாளடைவில் இரத்தக்குழாயின் உட்படலம் வளர்ந்து அந்தக் கம்பிகளை மூடிக்கொள்ளும். அதுவரைக்கும் இரவும் பகலும் காவல் நிற்பவை இரண்டு மாத்திரைகள். ஒன்று ஆஸ்பிரின், மற்றொன்று குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிராசுக்ரெல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று. முதல் மாதத்தில் இவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் கட்டிக்கொண்டு, முந்தினதைவிடக் கொடிய மாரடைப்பு வரக்கூடும். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவருக்கு வழக்கமாக ஓராண்டு காலம் இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்படும். இரத்தக்கசிவு அபாயமுள்ளவருக்கு மருத்துவர் அந்தக் காலத்தைக் குறைப்பதுண்டு. அதன் பின்பும் ஒன்று, பெரும்பாலும் ஆஸ்பிரின், தொடரும். பல் பிடுங்கப் போகும்போதோ கண்புரை அறுவைக்குப் போகும்போதோ "இரத்தம் இளகும் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால், இருதய மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தபோது ஏழை எளியோர் பலருக்கு அது எட்டும் பொருளாயிற்று. அது பெரிய நன்மை. ஆனாலும் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, வேலை முடிந்தது என்ற எண்ணமும் கூடவே வளர்ந்துவிட்டது. அடைத்த குழாயை ஓரிடத்தில் விரித்திருக்கிறார்கள். மற்ற குழாய்கள் பழையபடியேதான் இருக்கின்றன. அவற்றில் படிந்துள்ள கொழுப்பு வெடித்துவிடாமல் காப்பதற்கே அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்றவை. "கொலஸ்ட்ரால் நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, இனி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. மாத்திரையினால்தான் நார்மல் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். மெட்டோப்ரோலால் போன்றவை இருதயத் துடிப்பை நிதானப்படுத்தி அதன் பாரத்தைக் குறைக்கின்றன. இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த மார்வலி திரும்பி வரக்கூடும். நிறுத்த வேண்டுமானால் மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார்.

ஜெபமும் மாத்திரையும்

இப்பொழுது நம்மில் சிலருக்குச் சங்கடமான ஒரு காரியத்துக்கு வருகிறேன்.

சுகமளிக்கும் கூட்டத்திலோ வீட்டு ஜெபத்திலோ தமக்காக ஜெபிக்கப்பட்ட பின்பு, மாத்திரையை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று எண்ணுகிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். கர்த்தர் சுகமளிக்கிறார் என்பதில் இதை வாசிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவனுக்கும் வேறுபாடில்லை. ஆனால் எசேக்கியா ராஜாவை நினைத்துப் பாருங்கள். அவருடைய ஆயுசு கூட்டப்படும் என்ற வாக்கு வந்துவிட்டது. அதன் பின்பும் பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டினார்கள். வாக்குப்பெற்ற ராஜா பற்றுப் போட்டுக்கொண்டதை அவிசுவாசம் என்று ஒருவரும் சொல்லவில்லை. லூக்கா வைத்தியர் என்பதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

நோயாளி தாமாகவே இப்படி முடிவெடுப்பது குறைவு. சுற்றியிருப்பவர்களே அவரை நெருக்குகிறார்கள். "இன்னுமா மாத்திரை போடுகிறீர்கள், பிரதர்?" என்று அன்பாகத்தான் ஒருவர் கேட்கிறார். கேட்டவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். கேட்கப்பட்டவர் அன்றிலிருந்து மாத்திரையை மறைத்து வைத்துப் போடுகிறார். கன்வென்ஷன் நாட்களில் பையில் எடுத்துச் செல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார். பிறகு வெட்கப்பட்டு நிறுத்தியே விடுகிறார். இப்படி நிறுத்தினதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கிறோம். அதன் பெயர் மனுஷருக்குப் பயப்படுதல்.

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு தாழ்மையான விண்ணப்பம். இருதய வியாதியிலிருந்து சுகம் பெற்றேன், மருந்தை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்ல ஒருவர் எழும்புமுன், மருந்தை மருத்துவர் நிறுத்தினாரா, அவரே நிறுத்தினாரா என்று தனியே விசாரியுங்கள். அதே கூட்டத்தில் மூன்று வாரத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கலாம். அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்பதும் அந்தச் சாட்சியின் கணக்கில் சேரும். உண்மையாகவே சுகம் கிடைத்திருந்தால், மறுபரிசோதனையில் மருத்துவரே கண்டு மாத்திரையைக் குறைக்கட்டும். அப்படிக் குறைக்கப்பட்டதை மேடையில் சொன்னால் எவ்வளவு நலமாயிருக்கும்!

உபவாசத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இருதய நோயாளிகளில் பலருக்கு நீரிழிவும் உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளில் சிலவற்றையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்தால், சர்க்கரை அபாயகரமாக இறங்கி மயங்கி விழ நேரிடும். நீரை வெளியேற்றும் மாத்திரை போடுகிறவர் மே மாதத்து வெயிலில் தண்ணீரும் பருகாமல் இருந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்துபோகும். அப்படியானால் உபவாச நாளில் மாத்திரையை விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் மாதங்களில் இவர்கள் உபவாசிக்க வேண்டியதில்லை என்று சபையே வெளிப்படையாக அறிவித்துவிட்டால், அவர்கள் குற்றமனசாட்சியோடு தவிக்கமாட்டார்கள். பின்னர் உபவாசிக்க விரும்புகிறவர் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு, எந்த வேளை மருந்தை எப்படி மாற்றலாம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

பட்டணத்து வாழ்க்கையின் தடைகள்

தாராவியிலோ வேறொரு நெருக்கமான குடியிருப்பிலோ வசிக்கும் ஒரு தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். இருதயம் பலவீனப்பட்டதால் கால் வீங்குகிறது. அதற்காக ஃபுரோசமைடு அல்லது டோர்செமைடு கொடுத்திருக்கிறார்கள். நம்மவர் இதைத் தண்ணீர் மாத்திரை என்பார்கள். போட்ட சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். வீட்டில் கழிப்பறை இல்லை. பொதுக் கழிப்பறைக்குச் சந்து தாண்டிப் போய், வரிசையில் நின்று, ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வர வேண்டும். அந்த அம்மாள் என்ன செய்வார்? ஞாயிறு ஆராதனைக்குப் போகும் நாளில் விட்டுவிடுவார். மகள் வீட்டுக்கு லோக்கல் ரயிலில் போகும் நாளில் விட்டுவிடுவார். வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போய், நான்காம் வாரம் மூச்சுத்திணறலோடு மறுபடியும் ஆஸ்பத்திரி. "மாத்திரை போடுகிறீர்களா அம்மா?" என்று மருத்துவர் கேட்டால், "போடுகிறேன் ஐயா" என்றுதான் சொல்லுவார். கழிப்பறையைக் குறித்து ஓர் ஆண் மருத்துவரிடம் எந்தத் தாய் பேசுவார்? கூடச் செல்லும் மகளோ மருமகளோ அதைச் சொல்ல வேண்டும். வெளியே போகும் நாளில் திரும்பி வந்தபின் பிற்பகலில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால், மருத்துவர் அனேகமாய் நேரத்தை மாற்றிக் கொடுப்பார். இப்படிப்பட்ட நோயாளியைத் தினமும் காலையில் எடை பார்க்கச் செய்யுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினால், அது சாப்பாட்டினால் வந்த எடை அல்ல, உடம்பில் தேங்கிய நீர். உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது பணம். ஆயுஷ்மான் பாரத் அட்டையில் சிகிச்சை பெற்றவருக்கு, வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான மருந்துச் செலவும் அத்திட்டத்தில் அடங்கும். மறுநாளிலிருந்து கைக்காசு. முதல் மாதத்திலேயே பலருக்கு மருந்து நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வேலைக்குப் போகாததால் சம்பளம் இல்லை, வாடகை நிற்காது, பள்ளிக் கட்டணம் காத்திராது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, பதினைந்து மாத்திரையை ஒரு மாதத்துக்கு நீட்டிக்கிறார்கள். வீட்டுக்காரரின் மாத்திரைக்குக் கடன் வாங்கும் மனைவி, தன் மாத்திரை தீர்ந்தபோது ஒருவரிடமும் சொல்லமாட்டாள். பெண்கள் விஷயத்தில் இதைத் தனியாகக் கவனியுங்கள்.

2008-இல் தொடங்கப்பட்ட மக்கள் மருந்தகத் திட்டத்தின் கடைகள், அதாவது ஜன் ஔஷதி கேந்திரங்கள், இன்று நாடெங்கும் பத்தாயிரத்துக்கு மேல் உள்ளன. இருதய நோயாளிக்கு அன்றாடம் தேவைப்படும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் முதலியவற்றைப் பெரும்பாலும் பிரபல கம்பெனி விலையில் பாதிக்கும் குறைவாக அங்கே வாங்கலாம். "விலை குறைவென்றால் வீரியமும் குறைவு" என்ற பேச்சுக்குச் செவிகொடுத்து மருந்தே இல்லாமல் இருப்பதைவிட, இந்த மருந்துகள் போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெற்று வாங்குங்கள். ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்காகப் பட்டணத்திலிருந்து மருந்து வாங்கி அனுப்புகிறவர்களும் நம்மில் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டுள்ளன.

கடை மாறும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. பழைய அட்டை பாதி இருக்க, புதிய கடையில் வேறு பெயரில் அதே மருந்தை வாங்கி வந்து, இரண்டும் வேறுவேறு என்று எண்ணி இரண்டையும் விழுங்கினவர்கள் உண்டு. அட்டையில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் சொந்தப் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருந்தால் போதும். ஒரு தாளில் அந்தப் பெயர், மில்லிகிராம், எதற்கு, எந்த வேளை என்று தமிழில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். அதைக் கைப்பேசியில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓட நேரிட்டால், பணி மருத்துவர் முதலாவது கேட்பது அதைத்தான்.

வீட்டாரின் பங்கு

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டெனிஸ் சேவியரும் அவர் குழுவினரும் நம் நாட்டிலே 14 மருத்துவமனைகளில் 806 இருதய நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும் வீட்டிலும் சந்தித்து, டைரியும் படங்களும் கொண்டு மருந்தைக் குறித்து விளக்கினார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர். ஓராண்டுக்குப் பின், சந்திக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேர் மருந்தை ஒழுங்காகத் தொடர்ந்தார்கள். மற்றவர்களில் 92 பேர். வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். மருந்து தவறினவர்களை எண்ணிப் பாருங்கள்: ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் எட்டுப் பேர். ஒருவர் வீடு தேடி வந்து விசாரித்ததால் உண்டான பலன் அது. வீடு சந்திப்பது நம் சபைகளுக்குப் புதிதா?

வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். எல்லாரும் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் காலை, இரவு என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சிறிய டப்பாக்கள் போதும். ஞாயிறு மாலையில் அதை நிரப்புங்கள். செவ்வாய் இரவின் அறை புதன் காலையிலும் நிரம்பியிருந்தால், விட்டுப்போனது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாத்திரையை ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தோடு இணைத்துவிடுங்கள். காலையில் பல் துலக்கியபின், இரவில் குடும்ப ஜெபம் முடிந்தபின் என்று வைத்துக்கொண்டால் நினைவூட்ட வேண்டிய அவசியம் குறையும். இரவுப் பணி பார்க்கிற காவலாளிக்கும் ஓட்டுநருக்கும் மருந்துச் சீட்டிலுள்ள "காலை, இரவு" பொருந்தாது. தம் வேலை நேரத்தை அவர்கள் மருத்துவரிடம் சொல்லி, கடிகார நேரத்தைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு வேளை தவறிப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக்கூடாது.

கேட்கும் விதமும் முக்கியம். "மாத்திரை போட்டீர்களா, இல்லையா?" என்று அதிகாரி போலக் கேட்டால், போட்டேன் என்ற பதில்தான் வரும். தகப்பனார் மகனுக்குப் பயந்து சொல்லும் பொய் அது. "எல்லாருக்கும் ஒன்றிரண்டு விட்டுப்போகும் அப்பா, இந்த வாரம் எத்தனை விட்டுப்போயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை வெளிவரும். காரணமும் வெளிவரும்.

அந்தக் காரணம் பல வேளைகளில் ஒரு பக்கவிளைவாயிருக்கும். ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவற்றால் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வரும். நோயாளி சளி என்று எண்ணி இருமல் மருந்து குடிப்பார், அல்லது சந்தேகப்பட்டு எல்லா மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்துவார். மருத்துவரிடம் சொன்னால் இருமல் வராத வேறொரு மருந்து, டெல்மிசார்ட்டான் போன்றது, கொடுப்பார். ஸ்டாட்டினால் தசைவலி வந்தால் அளவையோ வகையையோ மாற்றுவார். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அதையும் சொல்ல வேண்டும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் வயிற்றில் இரத்தம் கசிகிறது என்று பொருளாயிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இருதய நோயாளிக்கு ஆகாதவை. நீரைத் தேக்கும், இரத்தக்கசிவைக் கூட்டும், மாரடைப்பு அபாயத்தையும் அதிகரிக்கும். நாவின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும். தாம்பத்தியத்துக்கென்று சிலர் ரகசியமாக வாங்கும் சில்டெனாஃபில் வகை மாத்திரைகளோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக வீழும். கணவன்மார் இதைக் கூச்சமில்லாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவது மேல்.

செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்கள் வேறொரு கூட்டத்தார். அவர்களில் இளம்பெண்கள் பலர். அசிட்ரோம், வார்ஃபரின் ஆகியவை அவர்களுக்கு ஆயுட்கால மருந்து. ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைக் குறித்த தேதியில் செய்ய வேண்டும். கீரையை ஒரேயடியாய் விடவும் வேண்டாம், திடீரென்று தினமும் சாப்பிடவும் வேண்டாம்; அளவு ஒரே சீராயிருக்கட்டும். ஊரிலிருந்து வரும் லேகியமும் சூரணமும் மருத்துவரைக் கேளாமல் கூடாது. பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் சகோதரி முன்னதாகவே மருத்துவரிடம் பேச வேண்டும். ஏனெனில் வார்ஃபரின், ராமிப்ரில் முதலியவை கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆனாலும் அதற்காகத் தாமாக நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டும்.

மாத்திரைகளின் எண்ணிக்கையே சிலருக்கு மலைப்பாயிருக்கிறது. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாய்ச் சேர்த்த மாத்திரைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அவற்றைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. "ஏழை மூன்றாக்க முடியுமா ஐயா?" என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

பிரயாணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்கோ திருமணத்துக்கோ ஊருக்குப் போகும்போதுதான் பலருக்கு முதன்முதலாக மருந்து விட்டுப்போகிறது. மும்பையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போகும் ரயிலில் ஒரு நாளுக்கு மேலாகவே கழியும். மாத்திரை இருக்கைக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். நான்கு நாள் என்று போனவர் பன்னிரண்டு நாள் தங்குவார். கைப்பையிலேயே வையுங்கள்; தங்க நினைக்கும் நாட்களைவிடப் பத்து நாளுக்கு அதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள்; மருந்துச் சீட்டின் நகலும் இருக்கட்டும்.

கடைசியாக, குடும்பத்தை ஊரில் விட்டு, நான்கைந்து பேரோடு அறையெடுத்துத் தங்கியிருக்கும் நம் சகோதரர்கள். அவர்களுக்கு டப்பாவை நிரப்ப ஒருவரும் இல்லை. மார்வலி என்றால் 108-க்கு அழைக்க வேண்டும் என்பதும், அவருடைய மருந்துத் தாள் எங்கே இருக்கிறது என்பதும் அறைத் தோழர் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஊரிலிருக்கும் மனைவி தினமும் இரவு போனில் பேசுவார் அல்லவா? மாத்திரை எடுத்து வெறுமையான அறையை அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லட்டும். சபையார் முதல் வாரத்தில் கூட்டமாய்ச் சென்று ஆப்பிள் கொடுத்து ஜெபித்து வருகிறோம். மூன்றாம் மாதத்தில் ஒருவரும் போவதில்லை. வாலிபர் ஐக்கியத்தில் ஒருவர் அப்போது அந்த அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலுள்ள மருந்துப் பையைக் கேட்டு வாங்கி, இன்னும் எத்தனை நாளுக்கு மாத்திரை மீதியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, ஒரு வாரத்துக்குக் குறைவாயிருந்தால் அவரோடுகூட மருந்துக்கடைக்கு நடந்துபோய் வரட்டும்.